சாண் அகல வாயும் வானத்துக் கண்ணும்

ஒரு மலைச்சரிவில், தேயிலைத் தோட்டத்தின் ஓரமாக, ஒரு மழைமானி வானத்தைப் பார்த்து வாய் திறந்து நின்றது. அதற்கு வெகு உயரத்தில் ஒரு செயற்கைக்கோள் இருந்தது.

ஆடி மாதம். மூன்று நாளாக மழை விடவில்லை.

"உன் பக்கம் நாற்பது மில்லிமீட்டர். அணைக்காரர்களுக்குச் சொல்லிவிட்டேன்" என்றது செயற்கைக்கோள்.

மழைமானி பதறியது. "நேற்றுக் காலையிலிருந்து என் வயிற்றில் விழுந்ததே இருநூற்றுக்கு மேல்!"

"உனக்குச் சாண் அகல வாய். நான் கடலையும் கரையையும் ஒரே பார்வையில் பார்ப்பவன்."

"நீ பார்ப்பது மேகத்தின் முதுகை. முதுகு உயரத்தில் ஏறிச் சில்லிட்டிருந்தால்தான் பெருமழை என்பாய். இங்கே தாழ்ந்த மேகம் மலையில் முட்டிக் கொட்டுகிறதே!"

செயற்கைக்கோள் சிரித்தது. மழைமானிக்குச் சிரிப்பு வரவில்லை. கீழே ஆற்றோரம் எண்பது வீடுகள்.

காலை எட்டரைக்கு மழை அளக்கும் செலின் வந்தாள். நீரை அளவுக்குவளையில் ஊற்றிப் பார்த்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு. நம்பாமல் இன்னொரு முறை அளந்தாள். அதேதான். உடனே அணைப் பொறியாளர் கதிரேசனுக்குப் போன் போட்டாள்.

"சேட்டிலைட் நாற்பதுன்னுதானே சொல்லுது? உங்க தகரத்துல ஓட்டை கீட்டை இருக்கான்னு பாருங்கம்மா."

"ஓட்டை இருந்தா குறைச்சுல்ல சார் காட்டும்? கூட்டியா காட்டும்?"

கதிரேசனுக்கு அது உறைத்தது. "சரி, மலையில இருக்கிற மத்த மூணு மானியையும் கேட்டுடறேன்" என்றார்.

நூற்றுத் தொண்ணூறு. இருநூற்று ஐந்து. இருநூற்று இருபது.

அதன்பின் கதிரேசன் தயங்கவில்லை. அணை ஒரேயடியாக நிரம்பிவிடாதபடி மதகுகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தன. எண்பது வீட்டாரும் அவருடைய எச்சரிக்கையைக் கேட்டு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏறினார்கள். பிற்பகலில் ஆறு கரைபுரண்டு தெருவுக்குள் நுழைந்தபோது, அங்கே ஒரு கோழிக்குஞ்சுகூட இல்லை.

செயற்கைக்கோள் இரண்டு நாள் தன் கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்தது. மூன்றாம் நாள் மெல்லச் சொன்னது: "உங்கள் நால்வர் அளவையும் பக்கத்தில் வைத்து என் கணக்கைத் திருத்திக்கொண்டேன். தப்பு என்னுடையதுதான்."

ஐப்பசியில் ஒரு நாள் அது உற்சாகம் தாங்காமல் கூவியது. "ஏ மழைமானி! பக்கத்து மலையில் உன்னைப்போல ஒருவர்கூடக் கிடையாது. நீங்கள் திருத்திக் கொடுத்த கணக்கில் பார்த்தேன், இருநூறு! முன்கூட்டியே சொன்னேன். ஊரே மேடேறிவிட்டது!"

நட்ட இடத்தைவிட்டு ஓர் அடி நகராத மழைமானி, கண்ணால் காணாத ஓர் ஊரைக் காப்பாற்றியிருந்தது.