ஒரு நூல் கம்மி

திருப்பூர் பூவாத்தாவுக்கு இந்தக் கதையைச் சொல்லவே பயம். "எங்கியாவது தப்பாச் சொல்லிப்போடுவனோ என்னமோ. நான் ஆறாவதோட நின்னவ. காருக்கு எத்தன சக்கரம்னு கேட்டாலே ஸ்டெப்னியச் சேத்தறதா வேண்டாமான்னு முழிப்பேன்" என்றுதான் தொடங்குவாள்.

அவள் புருஷன் சென்னியப்பன், கொழுந்தன்மார் குப்பண்ணன், நாச்சிமுத்து, மூன்று பேருக்கும் பனியன் கம்பெனியில் வேலை. வீட்டில் ஒரு பழைய கார். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தால் அது இடது பக்கம் சாக்கடையைப் பார்த்துப் போகும். மறுநாள் காலை பத்து மணிக்குக் காங்கயத்தில் மகள் சுகந்திக்கு வளைகாப்பு. வளையல் கூடையோடு பூவாத்தா போய்ச் சேர வேண்டும், அதுவும் உயிரோடு.

மெக்கானிக் ரசாக் வெளியூரில் இருந்தார். போனிலேயே சொல்லிவிட்டார்:

"ஸ்டியரிங்கை நேரா வெச்சு ஆடாமக் கட்டுங்க. முன் சக்கரம் ரெண்டுக்கும் நடுவுல முன்பக்கம் ஒரு அளவு, பின்பக்கம் ஒரு அளவு எடுங்க. பின்பக்கத்தைவிட முன்பக்கம் ஒரு நூல் கம்மியா இருக்கணும். இல்லைன்னா ராடை அரைச் சுத்து சுத்துங்க."

அவர் சொன்ன நூல் டேப்பில் இருக்கிற நூல், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. ஆனால் திருப்பூரில் நூல் என்றால் எவன் டேப்பைத் தேடுவான்?

ஸ்டியரிங்கைப் பனியன் எலாஸ்டிக்கால் கட்டினார்கள். பிறகு மூவரும் சக்கரத்தருகே குந்தினார்கள்.

"நாப்பதாம் நம்பர் நூலா, முப்பதாம் நம்பரா? கேட்டியாடா?" என்றான் சென்னியப்பன்.

"அது கெடக்குட்டும்ணா. இப்ப முன்னாடி எத்தன நூல் இருக்குது?" என்றான் குப்பண்ணன்.

"ஒண்ணுமில்ல."

"பின்னாடி?"

"அங்கயும் ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுல ஒண்ணக் கம்மி பண்றது எப்படி?"

வெகுநேரம் யோசித்தார்கள். கடைசியில் இரண்டு சக்கரங்களுக்கும் குறுக்கே பின்பக்கம் பத்து நூல், முன்பக்கம் ஒன்பது நூல் கட்டினார்கள். பூவாத்தா பயத்தில் இரண்டு தரம் எண்ணிப் பார்த்தாள். சரியாக ஒன்று கம்மி.

வீட்டில் இருந்த ஒரே ராடு கடப்பாரைதான். நாச்சிமுத்து அதைத் தோளில் வைத்துக்கொண்டு காரை அரைச் சுற்று சுற்றி அந்தப் பக்கம் போய் நின்றான்.

"சாப்பிட வாங்க தம்பி" என்றாள் பூவாத்தா.

"எப்படீங் அண்ணி வர்றது? வந்தா முழுச்சுத்து ஆயிருமுங்க."

அவன் சோற்றுத் தட்டு பானெட்டைத் தாண்டிப் போயிற்று.

ஒரு மணி நேரம் காரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பாத்தியா, துளிகூட இடது பக்கம் இழுக்கல" என்றான் சென்னியப்பன்.

"ஏனுங்க, வண்டிய எடுத்தா நூல் அறுந்துபோகுமே. அப்புறம் காங்கயம் எப்படிப் போறது?" என்றாள் பூவாத்தா.

மூவரும் அவளை மரியாதையோடு பார்த்தார்கள்.

விடிந்ததும் ரசாக்கே வந்துவிட்டார். தலையில் அடித்துக்கொண்டு நூலையெல்லாம் அறுத்துப் போட்டு, டேப்பை வைத்து அளந்து, சக்கரத்துக்கு அடியில் இருந்த ராடைத் திருகி, அரைமணியில் முடித்துவிட்டார். "இனி அம்பு மாதிரி போகும், ஏறுங்கக்கா!"

பூவாத்தா அறுந்து கிடந்த நூல்களை எண்ணினாள். "ஒண்ணுதானுங்களே கம்மியா இருக்கோணும்னீங்க? இப்பப் பத்தொம்பது கம்மியாயிருச்சே!"

மணி எட்டே முக்கால். இனி வாதாட நேரமில்லை. கம்பெனி நூல் சுற்றிய கோன் ஒன்றை எடுத்தாள். முனையைக் கேட்டில் நின்ற நாச்சிமுத்துவின் கையில் கொடுத்து, "விட்றாதீங்க தம்பி" என்று சொல்லிப் பின்சீட்டில் ஏறினாள். சென்னியப்பன் ஓட்ட, காங்கயம் வரைக்கும் ஜன்னல் வழியாக நூலை விட்டுக்கொண்டே போனாள். கார் அம்பு மாதிரிதான் போயிற்று. அது நூலால்தான் என்று அவளுக்குத் தெரியும்.

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மண்டபத்தில் நுழைந்தாள். இடது கையில் நூல், வலது கையால் மகளுக்கு முதல் வளையலைப் போட்டாள்.

"என்னம்மா இது நூலு?" என்றாள் சுகந்தி.

"பேசாம இரு கண்ணு. நாங்க வீடு திரும்ப வேண்டாமா?"

அப்போது போன் வந்தது. நாச்சிமுத்து.

"அண்ணி, பயப்படாதீங்க. நூலு கொஞ்சம் இடது பக்கமா இழுக்குதுங்க."

பூவாத்தா நூலை வலது கைக்கு மாற்றிக்கொண்டாள்.