யார் அந்த ‘நாம்’?

மலைக்காட்டில் ஒரு மடு வற்றிக்கொண்டே வந்தது. அதன் கரையில், மர வேர்களுக்கு அடியில் இருந்த வளையில், ஒரு நீர்நாய் இரண்டு குட்டிகளோடு குடியிருந்தது. குட்டிகள் இன்னும் கண் திறக்கவில்லை. மடுவில் தண்ணீர் இருந்தால் மீன் இருக்கும். மீன் இருந்தால் தாய்க்குப் பால் ஊறும். அந்த நீர்நாய்க்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான்.

மடு ஏன் வற்றியது? காட்டில் எல்லோருக்கும் தெரியும். வாய் திறந்து சொல்லத்தான் ஒருவருக்கும் துணிச்சல் இல்லை!

மலை உச்சியில் சிறுத்தைகள் இருந்தன. ஒரு முறை இடி விழுந்து எரிந்த மரத்திலிருந்து கொள்ளியைத் தூக்கி வந்து, கறியைச் சுட்டுத் தின்னப் பழகிக்கொண்டன. அதற்குப் பிறகு பச்சைக் கறி அவற்றின் தொண்டையில் இறங்குமா? தினமும் விருந்து, தினமும் தீ. உச்சியில் இருந்த சோலை முழுவதும் விறகாகப் போனது. சுட்ட கறியில் பாதியைத் தின்றன. மீதியைப் பள்ளத்தில் உருட்டிவிட்டன. என்ன திமிர் பாருங்கள்!

அந்தச் சோலைதான் மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்து, ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தது. சோலை போனதும் ஓடை செத்தது. மழையும் குறைந்தது. அடுப்பில் வைத்த வெறும் சட்டி போலக் காடு காய்ந்தது.

ஒரு நாள் சிறுத்தைத் தலைவனே மடுக்கரையில் கூட்டம் போட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தது.

“என் அருமைச் சொந்தங்களே! நாம் பெரிய தப்பு செய்துவிட்டோம்! நாம்தான் இந்தக் காட்டைச் சூடாக்கினோம்! நாம் எல்லோருமே பொறுப்பு!”

எல்லா மிருகங்களும் தலையைக் குனிந்துகொண்டன. நீர்நாயும் குனிந்துகொண்டது. காலையில் தின்ற கெண்டை மீன் அதன் நினைவுக்கு வந்தது, பாவம்.

முயல் மட்டும் துள்ளி எழுந்தது. “எங்களைச் சேர்க்காதீர்கள்! நாங்கள் புல்லைத் தவிர எதையும் வாயில் வைப்பதில்லை. கறி தின்கிறவர்களால்தான் இவ்வளவு கேடு! இதோ, இந்த நீர்நாய் நாள் தவறாமல் மீன் தின்கிறது!”

“மீன் தின்னாமல் நான் என்ன புல்லா மேய முடியும்?”

“பார்த்தீர்களா! அதுவே ஒத்துக்கொண்டது!”

நீர்நாய் பதறிப்போனது. அந்தப் பதற்றத்தில் அதுவும் ஒரு தப்பு செய்தது. பக்கத்தில் நின்ற காட்டெருமையைக் கை காட்டியது.

“நான் தின்பது ஒரு சின்ன மீன்! இந்தக் காட்டெருமைகள் நாள் முழுக்க அசைபோட்டு ஏப்பம் விடுகின்றனவே! அந்தக் காற்றில் காடு சூடாகாதா?”

“ஏப்பமா! எங்கள் பாட்டனும் பூட்டனும் விட்ட ஏப்பம்தான் நாங்களும் விடுகிறோம்! அப்போது மழை பெய்யவில்லையா?” காட்டெருமை மூக்கை விடைத்துக்கொண்டு முயலைப் பார்த்தது. “இந்த முயல்கள் வதவதவென்று குட்டி போட்டுப் புல்லை ஒட்டக் கடிப்பதால்தான் மண்ணே காய்கிறது!”

அவ்வளவுதான்! ஒன்றை ஒன்று ஏசிக்கொண்டன. சிறுத்தை பாதத்தை நக்கிக்கொண்டு வேடிக்கை பார்த்தது. மலை உச்சியில் அப்போதும் புகை எழும்பிக்கொண்டிருந்தது. ஒரு பிராணியாவது நிமிர்ந்து பார்க்க வேண்டுமே! நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

எல்லோரும் கத்திக் களைத்த பிறகு சிறுத்தை தீர்ப்புச் சொன்னது.

“சண்டை வேண்டாம்! நாம் எல்லோரும் தியாகம் செய்வோம். நாம் ஏப்பத்தைக் குறைப்போம். நாம் மீனை விடுவோம். நாம் இப்போதே இந்த மடுவை விட்டு விலகிப் போவோம். மிச்சத் தண்ணீரை நாங்கள் பாதுகாப்போம்!”

“ஆகா! என்ன பெருந்தன்மை!” என்று முயல் கைதட்டியது.

நீர்நாய் மட்டும் கெஞ்சியது. “ஐயா, என் குட்டிகள் கண் திறக்கிற வரைக்குமாவது விடுங்கள்! இந்த வெயிலில் வெளியே கொண்டு போனால் தாங்காது!”

“எங்களுக்கும் மனசு வலிக்கிறது, தாயே! என்ன செய்வது? நாம் செய்த தப்புக்கு நாம்தானே அனுபவிக்க வேண்டும்!”

இரண்டு சிறுத்தைகள் வளைக்குப் பக்கத்தில் வந்து உறுமின. நீர்நாய் ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு, இன்னொன்றைத் திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று குளிர்ந்த வளைக்குள்ளேயே விட்டுவிட்டு ஓடியது. வழியெல்லாம் பாறை நெருப்பாகக் கொதித்தது. நிழல் இல்லை. சொட்டுத் தண்ணீர் இல்லை. வற்றிய ஓடையின் அடுத்த வளைவு வருவதற்குள் வாயில் இருந்த குட்டி அசைவதை நிறுத்திவிட்டது.

நீர்நாய் திரும்பி வந்தது. மிருகங்கள் காய்ந்த புதர்களுக்கு நடுவே நின்று இன்னும் ஏப்பத்தையும் மீனையும் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. நீர்நாய் குட்டியின் உடலை அவற்றின் முன்னால் வைத்தது.

“இதற்கு யார் பொறுப்பு?”

முயல் தடுமாறியது. “ஐயோ! நாம்... நாம் எல்லோரும்தான்...”

“வாயை மூடு! எந்த நாம்? யார் அந்த நாம்? உச்சியில் கறி சுட்டபோது உன்னையும் என்னையும் கூப்பிட்டார்களா? ‘நாம் தின்போம் வாருங்கள்’ என்று ஒரு நாள் சொன்னார்களா? தின்றபோது ‘நாங்கள்’, பழி வந்தபோது ‘நாம்’! தாகம் ‘நமக்கு’, தண்ணீர் ‘எங்களுக்கு’! இந்த ஒரு சொல்லில் ஏமாந்து நான் என் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிட்டேனே!”

நீர்நாய் முயலுக்கு எதிரே போய் நின்றது.

“நான் தின்ற மீனுக்கு நான் பொறுப்பு. மறைக்கவில்லை. ஒரு சோலையே எரிந்ததற்கு நான் எப்படிப் பொறுப்பு? முயலே, போன வாரம் உன் மாமனைச் சுட்டுத் தின்றவர்களுக்கா நீ கைதட்டினாய்? வெட்கமாக இல்லை?”

முயல் குட்டியின் உடலைப் பார்த்து விம்மி அழுதது. காட்டெருமை காலால் தரையைக் கீறியது.

“என் ஏப்பத்துக்கு நான் பதில் சொல்கிறேன். முதலில் அந்த அடுப்புக்கு அவர்கள் பதில் சொல்லட்டும்! கிளம்புங்கள்!”

காட்டெருமைக் கூட்டம் கொம்பைத் தாழ்த்திக்கொண்டு மடுவை நோக்கி ஓடியது. தின்ற கறிக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த சிறுத்தைகள் வெலவெலத்துப் போயின.

“பொறுங்கள், பொறுங்கள்!” என்று தலைவன் பின்வாங்கியது. “நாம் பேசித் தீர்த்துக்கொள்ளலாமே!”

“நாங்கள் பேசி முடித்துவிட்டோம்! நீங்கள் ஓடுங்கள்!” என்றது காட்டெருமை.

சிறுத்தைகள் மலையைத் தாண்டி ஓடின. காட்டெருமைகள் உச்சிக்கு ஏறி, எரிந்துகொண்டிருந்த அடுப்புகளை எல்லாம் மிதித்து மண்ணோடு மண்ணாக்கின.

அதற்காக மறுநாளே மழை கொட்டிவிடவில்லை. வெட்டின சோலை ஒரே நாளில் முளைத்துவிடுமா என்ன? மிச்சமிருந்த தண்ணீரைப் பகிர்ந்து குடித்துக்கொண்டு எல்லோரும் அந்தக் கோடையைத் தள்ளினார்கள். வளைக்குள் இருந்த குட்டி கண் திறந்தது. நீர்நாய் அதற்குப் பால் கொடுத்தது. இன்னொரு குட்டி படுத்திருந்த இடத்தில் வேறு எதையும் அது வைக்கவில்லை.

பழியை எல்லோருக்கும் சமமாகப் பங்கு போட வருகிறவனிடம், விருந்தை அப்படிப் பங்கு போட்டாயா என்று முதலில் கேட்க வேண்டும்.