பாதி பெருக்கிய முற்றம்

இரவுச் செபம் முடிந்து விளக்கணைத்து அரைமணி நேரம் ஆகியிருக்கும். பின்முற்றத்தில் யாரோ பெருக்குகிற சத்தம் கேட்டது.

சர்ர்... சர்ர்... சர்ர்...

விளக்கு வைத்த பிறகு யாரும் வாசல் பெருக்க மாட்டார்கள். மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்னக் கன்னியர் மடத்திலும் அப்படித்தான். பதினொரு பேரும் பாயில் கண்விழித்துக் கிடந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரவுச் செபத்துக்குப் பிறகு காலை மணி அடிக்கும்வரை பேசக் கூடாது. அதற்குப் பெரிய மௌனம் என்று பெயர்.

சவேரியம்மாள் மட்டும் எழுந்து பின்கதவு வரைக்கும் போனார். யாராவது வந்தால் கதவு திறப்பது அவர் பொறுப்பு. தாழ்ப்பாளில் கை வைத்தார். யாரு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் மடத்தில் சேர்ந்த இந்த மூன்று வருடத்தில் பெரிய மௌனத்தை அவர் ஒரு நாளும் உடைத்ததில்லை.

வெளியே பூனைக்குட்டி கத்துவதுபோல மெல்லிய குரல் ஒன்று எழுந்தது. பெருக்கும் சத்தம் நின்றது. காலடிகள் அவசரமாக விலகிப் போயின.

சவேரியம்மாள் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தார். போய்ப் படுத்துக்கொண்டார்.

காலை மணி அடித்ததும் முதலில் பேசியது எமிலி. அவள்தான் இருப்பதிலேயே சின்னவள்.

"பேய்தான், மதர். சத்தியமா பேய்."

"பேய்க்கு முற்றம் பெருக்கத் தெரியுமா?" என்றார் மதர் லியோனி.

"நல்ல பேயா இருக்கும், மதர்."

"அப்போ தினமும் வரச் சொல்லு. இந்த வாரம் உன் முறைதானே."

மதர் லியோனிக்கு முப்பத்தாறு வயது. புதிதாகச் சேர்ந்தவர்களைப் பழக்குவது அவர் வேலை. சவேரியம்மாளுக்கு ஐம்பத்தேழு. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி, கணவரையும் அடக்கம் செய்துவிட்டு, பயிற்சிக்குச் சேர்ந்தவர். மடத்துக்கு வருகிறவர்கள் அவரைப் பார்த்து "தோத்திரம், மதர்" என்பார்கள். பக்கத்தில் நிற்கும் மதர் லியோனி சிரித்துக்கொண்டே, "நல்லா ஆசீர்வாதம் கொடுங்க, டீச்சர்" என்பார்.

இருவரும் முற்றத்துக்கு வந்தார்கள்.

கிணற்றடியிலிருந்து முருங்கை மரம் வரை செம்மண் துப்புரவாக இருந்தது. அதற்கு அப்பால் சருகு அப்படியே கிடந்தது. துடைப்பத்தின் கோடுகள் மண்ணில் தெளிவாகத் தெரிந்தன. மற்றவர்கள் பெருக்கினால் அவை ஒரு பக்கமாக வளையும். இவை மறுபக்கம் வளைந்திருந்தன.

மதர் லியோனி வெகுநேரம் பார்த்தார். சவேரியம்மாளும் பார்த்தார்.

அந்த மடத்தில் இதுவரை ஒரே ஒரு இடதுகைக்காரிதான் இருந்தாள். பெலிசித்தா. ஒன்றரை வருடத்துக்கு முன்னால், இதே முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தவள் பாதியில் துடைப்பத்தைச் சாத்திவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். கிணற்று மோட்டாரைப் பழுது பார்க்க வந்தவன் ரோட்டில் காத்திருந்தான். பின்கதவில் சவேரியம்மாள் குறுக்கே நின்றார்.

"இந்தப் படி இறங்கினா, இந்தத் தாழ்ப்பாள் உனக்கு இனிமே திறக்காது."

அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டுத்தான் அவள் இறங்கினாள்.

பால்காரி மூக்கம்மா அன்று தாமதமாக வந்தாள்.

"டீச்சரம்மா, சேதி தெரியுமா? உங்க பெலிசித்தா வந்திருக்கா, கைப்பிள்ளையோட. அத்தை வீட்டுலதான் கிடக்கா. அந்த மோட்டார்காரன் விட்டுட்டுப் போய்ட்டான்."

சவேரியம்மாள் சொம்பை எடுத்து வந்தார்.

"நாளைக்கு விடியுமுன்ன பஸ்ஸாம். மெட்ராஸுல ஏதோ வீட்டு வேலை. அத்தைக்காரி ஏற்பாடு."

"பிள்ளை?"

"பிள்ளையோட வந்தா வேலை இல்லையாம். போற வழியில யாரோ பிள்ளையில்லாதவங்க வாங்கிக்கிறதாப் பேச்சு. பெத்தவ வாயே திறக்கலையாம்."

சவேரியம்மாள் பாலுக்குச் சொம்பை நீட்டினார்.

"நிமிர்த்திப் பிடிங்க, டீச்சரம்மா. கவுத்துப் பிடிச்சிருக்கீங்க."

பத்து மணிக்கு வேத வாசிப்பு. அந்த மாதம் அவர்கள் வாசித்துக்கொண்டிருந்தது வேதாகமத்தின் நடுவில் இருக்கும் காதல் பாட்டை. சவேரியம்மாளுக்கு அதை எடுத்தாலே முகம் மலர்ந்துவிடும். அன்று மட்டும் பேசாமல் இருந்தார். மதர் லியோனி அவரைப் பார்த்தார்.

"டீச்சர் இன்னைக்கு ஒண்ணும் சொல்லலையே?"

"என்ன சொல்ல, மதர்? எத்தனை சட்டம், எத்தனை யுத்தம், எத்தனை ராஜாக்கள். அதுக்கு நடுவுல ஒரு பொண்ணும் ஒரு பையனும் தோட்டத்துல ஒருத்தரை ஒருத்தர் தேடிட்டு நிக்கிறாங்க. இதைத் தன் புஸ்தகத்துக்குள்ள வெச்சுக்க ஆண்டவருக்கு எவ்வளவு துணிச்சல் இருந்திருக்கணும்! ஒவ்வொரு தடவை படிக்கிறப்பவும் எனக்கு அதிசயமாத்தான் இருக்கு."

"இருக்கும்."

"ஆனா ஒரு இடம் மட்டும் ஒத்துக்க முடியலை."

"எது?"

"ராத்திரி அவன் வந்து கதவைத் தட்டுறான். தலையெல்லாம் பனி. அவ உள்ளேயிருந்து, கால் கழுவிட்டேனே, மறுபடியும் எப்படி அழுக்காக்குறதுன்னு யோசிக்கிறா. கொஞ்ச நேரம்தான். எழுந்து போய்த் திறக்கிறா. ஆளைக் காணோம்." சவேரியம்மாள் புத்தகத்தை மூடினார். "அவ்வளவு ஆசையா வந்தவன் இன்னும் கொஞ்ச நேரம் வாசல்ல நின்னா என்னவாம்? ஏன் போனான், மதர்?"

மதர் லியோனி ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்தார்.

"முற்றம் யார் பெருக்கினதுன்னு தெரியுதா, டீச்சர்?"

"இருட்டுல நடந்தது, மதர். எனக்கு எப்படித் தெரியும்?"

"சரி" என்றார் மதர் லியோனி. எழுந்து போய்விட்டார்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. நாளெல்லாம் செம்மண் தோட்டத்தில் வேலை. இரவுச் செபம் முடிந்து கோயிலிலிருந்து முற்றத்தைக் கடந்து வருவார்கள். பின்கதவுப் படியருகே கல்தொட்டி இருக்கும். ஒவ்வொருவராகக் கால் கழுவி உள்ளே போவார்கள். கடைசியாக உள்ளே வருகிறவர் தாழ்ப்பாள் போட வேண்டும். கழுவிய காலோடு அப்புறம் யாரும் முற்றத்தில் இறங்குவதில்லை.

அன்று இரவு அவர்கள் வந்தபோது தொட்டி காலியாக இருந்தது. தண்ணீர் முழுவதும் முருங்கை மரத்தடியில் கிடந்தது. மதர் லியோனி வாளியோடு நின்றிருந்தார்.

"இன்னைக்கு யாரும் கால் கழுவ வேண்டாம்."

"கால் கழுவாமப் படுத்தா கெட்ட கனவு வரும், மதர்" என்றாள் எமிலி.

"வரட்டும். போய்ப் படு."

மண் ஒட்டிய காலோடு எல்லோரும் உள்ளே போனார்கள். சவேரியம்மாள் அந்தக் காலித் தொட்டியின் முன்னால் நின்றார். பிறகு மதரைப் பார்க்கத் திரும்பினார். மதர் லியோனி அதற்குள் உள்ளே போயிருந்தார்.

சவேரியம்மாள் அன்று படுக்கவில்லை. தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுக் கதவை ஒட்டித் தரையில் உட்கார்ந்தார்.

வெகுநேரம் கழித்து அந்தச் சத்தம் வந்தது.

சர்ர்... சர்ர்...

எழுந்தார். தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டார். திறந்தால் முதலில் என்ன சொல்வது? முப்பது வருடம் பேசிப் பிழைத்தவர். ஒரு வார்த்தை வரவில்லை. மன்னிச்சிடு என்று சொல்லலாம். எத்தனையோ பிள்ளைகளைச் சொல்லவைத்த வார்த்தைதான். தானாகச் சொல்லிப் பழக்கமில்லை.

சத்தம் முருங்கை மரத்தைத் தாண்டியது. மதிலோரம் போனது. நின்றது.

தாழ்ப்பாளை இழுத்துக் கதவைத் திறந்தார்.

யாரும் இல்லை. நிலா வெளிச்சத்தில் முற்றம் முழுவதும், கடைசி மூலை வரைக்கும் பெருக்கி முடிந்திருந்தது. துடைப்பம் அதனுடைய இடத்தில் சாத்தியிருந்தது.

"பெலிசித்தா!"

உள்ளே பத்துப் பாய்களுக்கும் அந்தக் குரல் கேட்டது.

சவேரியம்மாள் செருப்புக்கூடப் போடாமல் படி இறங்கினார். கிணற்றடியைப் பார்த்தார். மாட்டுத் தொழுவத்தைப் பார்த்தார். கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்ததும் நாய் ஒன்று குரைத்துக்கொண்டு கூடவே வந்தது. பக்கத்துத் தோப்பின் காவல்காரர் டார்ச்சை முகத்தில் அடித்தார்.

"யாரது? அட, மடத்து டீச்சரம்மாவா! முக்காடு இல்லாம இந்த நேரத்துல எங்கே ஓடுறீங்க?"

"ஒரு பொண்ணு. கையில குழந்தை. பார்த்தீங்களா?"

"கெபிப் பக்கம் போச்சு. பஸ்ஸுக்கு நிக்கும்போல. உங்களுக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா, பனியில?"

"கெட்டுத்தான் போச்சு" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

ரோடு திரும்பும் இடத்தில் மாதா சுரூபம் வைத்த, குகைபோன்ற சின்னக் கெபி. அதன் கல்லில் பெலிசித்தா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் துணிப்பை. மடியில் துண்டுக்குள் குழந்தை வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு கை மட்டும் வெளியே வந்து தாயின் சேலையை இறுக்கிப் பிடித்திருந்தது.

சவேரியம்மாள் மூச்சு வாங்க நின்றார்.

"பஸ் எத்தனை மணிக்கு?"

"நாலரைக்கு, டீச்சர்."

"முழுசாப் பெருக்கிட்டியே."

"அன்னைக்குப் பாதியில போட்டுட்டுப் போனேன். அது உறுத்திக்கிட்டே இருந்துச்சு. நேத்தே முடிச்சிருப்பேன். இவ அழுதுட்டா."

"கதவைத் தட்டியிருக்கலாம்."

"திறக்காதுன்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"அப்புறம்? மத்தியானம் மதர் அத்தை வீட்டுக்கு ஆளனுப்பினாங்க. வரலைன்னுட்டேன். டீச்சர் போட்ட வார்த்தை இன்னும் படியிலேயே கிடக்கு, அதை எப்படித் தாண்டுறதுன்னு சொல்லியனுப்பினேன்."

சவேரியம்மாள் அவள் முன்னால் மண்ணில் உட்கார்ந்தார்.

"நேத்து ராத்திரி சத்தம் கேட்டேன். காலையில கோட்டைப் பார்த்ததும் நீதான்னு தெரிஞ்சுபோச்சு. மதர் கேட்டப்போ தெரியாதுன்னு பொய் சொன்னேன். நான் சொன்ன வார்த்தையை நானே பொறுக்கிக்கிறேன், பெலிசித்தா. என்னை மன்னிச்சிடு."

பெலிசித்தா அவரையே பார்த்தாள்.

"இது பெரிய மௌன நேரம், டீச்சர். எதுவா இருந்தாலும் காலையிலதானே பேசணும்?"

"உடைச்சாச்சு. மலை வரைக்கும் கேட்டிருக்கும்."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையானது. மோட்டார்காரனைப் பற்றி சவேரியம்மாள் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

"திருப்பூர் போய்ட்டு வர்றேன்னு போனார். போய்க்கிட்டே இருக்கார்."

"எழுந்திரு. போகலாம்."

"எந்த முகத்தோட, டீச்சர்? ஆண்டவருக்குன்னு கொடுத்ததையெல்லாம் திருப்பி எடுத்துக்கிட்டுப் போனவ நான்."

"நீ வராம நான் அந்தக் கதவுக்குள்ள போறதா இல்லை. வேணும்னா எனக்கும் ஒரு டிக்கெட் எடு. மெட்ராஸுல ரெண்டு பேருமாப் பாத்திரம் கழுவலாம்."

ஆறுதலாக அவள் தலையில் கை வைத்தார். கூந்தல் பனியில் முழுக்க நனைந்திருந்தது.

சவேரியம்மாளின் கை அங்கேயே நின்றுவிட்டது. வெகுநேரம் அவர் அந்தக் கையை எடுக்கவில்லை.

அவர்கள் திரும்பி வந்தபோது பின்கதவு விரியத் திறந்திருந்தது. படியில் மதர் லியோனி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அரிக்கேன் விளக்கு. கல்தொட்டியில் தண்ணீர் தளும்ப நின்றது.

பெலிசித்தா தொட்டிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டாள்.

"என்னைக் கூலிக்கு வெச்சுக்கோங்க, மதர். முற்றம் பெருக்குறேன். மாடு பார்த்துக்கிறேன். நாங்க தொழுவத்துலேயே படுத்துக்குவோம்."

"தொழுவத்துல மாடு படுத்திருக்கு. பிள்ளைக்குப் பசிக்குமா?"

"இப்பத்தான் பால் குடிச்சா, மதர்."

"அப்போ காலைக் கழுவு."

குழந்தையைச் சவேரியம்மாள் வாங்கிக்கொண்டார். அது கண் விழிக்கவில்லை. சேலையை விட்ட கை காற்றில் துழாவி, அவருடைய செபமாலையைப் பிடித்துக்கொண்டது. பெலிசித்தா குனிந்து கால் கழுவினாள். அவள் கழுவும்வரை மதர் லியோனி விளக்கை உயர்த்திப் பிடித்தார்.

சவேரியம்மாள் மெதுவாகக் கேட்டார்.

"காலையில கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலை, மதர்."

"என்ன கேட்டீங்க?"

"அவன் ஏன் வாசல்லயே நிக்கலைன்னு."

மதர் லியோனி விளக்கைத் தாழ்த்தினார். வெளிச்சம் சவேரியம்மாளின் பாதங்களில் விழுந்தது. கணுக்கால் வரை செம்மண். ஒரு விரலில் கல் குத்தி ரத்தம்.

"நின்னிருந்தா நீங்க எவ்வளவு தூரம் போயிருப்பீங்க, டீச்சர்?"

சவேரியம்மாள் தன் பாதங்களைப் பார்த்தார். குழந்தையோடு படியேறி உள்ளே போனார். மதர் லியோனி பின்னால் போனார். பெலிசித்தா கடைசியாக வந்தாள். வாசற்படியைத் தாண்டியதும் எங்கே நிற்பது என்று தெரியாமல் சுவரோரமாக ஒதுங்கினாள்.

மதர் லியோனி திரும்பிப் பார்த்தார்.

"வழக்கம் மறந்துபோச்சா? கடைசியா வந்தது நீதானே?"

பெலிசித்தா கதவைச் சாத்தினாள். இடது கையால் தாழ்ப்பாளைத் தள்ளினாள்.