மாடத்திகுளம் பால் சங்கம் டேட்டாபேஸோடு சேர்ந்த கதை

மாடத்திகுளம் பால் சங்கத்துக் கம்ப்யூட்டர் ரூமில் மூன்று பேர்: செல்லக்கனி, இசக்கியப்பன், சங்கிலிமாடன். சொன்ன சொல்லைத் தட்டவே மாட்டார்கள். சொல்லாததை யோசிக்கவும் மாட்டார்கள்.

பால் ஊற்றும் உறுப்பினர்களின் பேரெல்லாம் டேட்டாபேஸில் கிடந்தன. அதைத் திரைக்கு வரவழைக்க சி மொழியில் ஒரு புரோகிராம் எழுத வேண்டும். சாயங்காலத்துக்குள் பேர்கள் வரவில்லை என்றால் ரூமைக் காலி பண்ணிப் புண்ணாக்கு மூட்டை அடுக்கிவிடுவேன் என்று சொல்லிவிட்டார் தலைவர் பொன்னுலிங்கம். சங்கத்திலேயே ஃபேன் ஓடுகிற ரூம் அது ஒன்றுதான். செல்லக்கனி தன் கைப்பிள்ளைக்குத் தொட்டில் கட்டியிருப்பதும் அங்கேதான்.

எழுதினார்கள். கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி கம்பைல் பண்ணினார்கள். எண்ணைப் போட்டு வைக்கிற ‘மொத்தம்’ என்கிற மாறி எந்த வேலையும் செய்யவில்லை என்று ஓர் எச்சரிக்கை வந்தது. மூவருக்கும் முகம் வாடிவிட்டது.

“பேரு வச்சுக் கூட்டியாந்துட்டு சும்மா உக்கார வச்சிருக்கோம். அதுக்கு எப்படி இருக்கும்?” என்றார் இசக்கியப்பன்.

பாவம் என்று அதற்குப் பத்து லட்சம் வரை எண்ணுகிற வேலையைக் கொடுத்தார்கள். எச்சரிக்கை போய்விட்டது.

அடுத்து லிங்க். டேட்டாபேஸோடு பேசுகிற வேலையையெல்லாம் யாரோ முன்னமே எழுதி லைப்ரரி என்று ஒரு ஃபைலில் வைத்திருந்தார்கள். அதை இந்தப் புரோகிராமோடு சேர்க்க வேண்டும். லைப்ரரியைக் காணோம் என்றது கம்ப்யூட்டர். மதுரையில் இதே வேலை பார்க்கிற மதினிக்கு செல்லக்கனி போன் போட்டாள். எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொன்னால் போதும் என்றாள் மதினி.

சங்கிலிமாடனுக்குத்தான் நல்ல குரல். திரைக்கு நேராகக் குனிந்து, ஃபோல்டர் பேரை நிறுத்தி நிதானமாகச் சொன்னார். கம்ப்யூட்டர் மசியவில்லை. ஆள் நிற்பதால் கூச்சப்படுகிறதோ என்று மற்ற இருவரும் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர் ரகசியமாகவும் சொல்லிப் பார்த்தார். டேட்டாபேஸில் இணைக்கிற ஃபங்ஷன், அதாவது அந்த வேலைக்கான புரோகிராம் துண்டு, எங்கேயும் இல்லை என்றுதான் அது மறுபடியும் சொன்னது.

மதினிக்கு மறுபடி போன். அவள் பஸ் ஏறிக்கொண்டிருந்தாள். “அந்தப் பேர்ல ஒரு ஃபங்ஷன் இருக்கணும், அம்புட்டுதான்” என்று வைத்துவிட்டாள்.

“இருக்கணும்னு சொல்லுதாக. எழுதி வச்சிருவோம்” என்றார் சங்கிலிமாடன்.

“உள்ள என்னத்த எழுத?” என்று கேட்டார் இசக்கியப்பன்.

“உள்ளயப் பத்தி மதினி ஒண்ணும் சொல்லலியே அண்ணாச்சி” என்றாள் செல்லக்கனி.

சொல்லாததை எழுதுவது மரியாதையில்லை. கேட்டால் ‘இணைந்துவிட்டது’ என்று பதில் சொல்வதோடு அந்த ஃபங்ஷனை விட்டுவிட்டார்கள். லிங்க் மூச்சுக் காட்டாமல் முடிந்தது.

சாயங்காலம் தலைவர் வந்தார். புரோகிராம் பத்து லட்சத்தையும் எண்ணி முடித்துவிட்டுத் திரையில் காட்டியது: ‘இணைந்துவிட்டது. உறுப்பினர்கள்: யாரும் இல்லை.’

பொன்னுலிங்கம் திரையில் தன் பேரைத் தேடினார். “அப்ப நான்?”

“உறுப்பினரா இல்லாதவரு தலைவரா இருக்க முடியாதே” என்றாள் செல்லக்கனி, மனசார வருத்தப்பட்டு.

“ரூமைக் காலி பண்ணச் சொல்லவும் முடியாதோ?”

“அதெப்படி முடியும்?”

நியாயம்தான் என்று அவர் சாவியை மேசைமேல் வைத்தார். ரூம் தப்பியது. அப்போதுதான் இசக்கியப்பனுக்கு ஒரு சந்தேகம். உறுப்பினரே இல்லையென்றால் கேனில் நிற்கிற பால் யாருடையது? நால்வரும் கலந்து பேசி, மாடுகளிடமே திருப்பிக் கொடுப்பது என்று முடிவானது. தெருத் தெருவாகக் கேனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எல்லா மாடுகளும் குடித்தன. ஒரு செவலைப் பசு மட்டும் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“ஊரான் பாலைத் தொட மாட்டேங்குது பாரேன். இப்படி ஒரு ஆளுதான் தலைவரா வரணும்” என்றார் பொன்னுலிங்கம்.

எதிர்த்து ஓட்டுப் போட உறுப்பினர் யாரும் இல்லாததால், செவலை போட்டியின்றித் தேர்வானது. புதுத் தலைவரை வெக்கையில் நிறுத்துவதா என்று செல்லக்கனி தொட்டிலை அவிழ்த்து ரூமைத் தானே காலி பண்ணினாள். தலைவருக்கு எட்டும்படி புண்ணாக்கு மூட்டைகளையும் அவளே உள்ளே அடுக்கி, ஃபேனைப் போட்டுவிட்டு வந்தாள்.