போயிட்டு வாம்மா

பூரணபுரியில் யாருக்கும் குறையே கிடையாது. குறை சொன்னவனுக்கு நாக்கு கிடையாது. எதைச் சாப்பிடுவது, யாரைக் கட்டிக்கொள்வது எல்லாம் ஊரை ஆளும் பெரியவர் சொல்வதுதான். அவர் வாயிலிருந்து விழுந்தது உத்தரவு. அதை அவராலேயே மாற்ற முடியாது. ஊரைவிட்டு 'போறேன்' என்றவர்கள் அன்றோடு காணாமல் போனார்கள்.

பாத்திரம் தேய்க்கும் செங்கமலத்துக்கு மறுநாள் கல்யாணம். மாப்பிள்ளை யாரென்று அன்றைக்குத்தான் சொன்னார்கள். நன்றி சொல்ல இருவரையும் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

"சந்தோஷம்தானே?" என்றார் பெரியவர்.

"சந்தோஷமுங்க." அவள் குனிந்து கும்பிட்டாள். "அப்போ நான் வரேனுங்க."

வெற்றிலையை மென்றபடி அவர் சொன்னார்: "சரி, போயிட்டு வாம்மா."

அவள் நேரே கோட்டை வாசலுக்கு நடந்தாள். காவலன் ஈட்டியை நீட்டினான்.

"போகச் சொல்லி உத்தரவாயிருக்குங்க. சபையே கேட்டுச்சு."

பெரியவர் பதறி ஓடிவந்தார்; பின்னாலேயே சபையும் மாப்பிள்ளையும். "அடியே, அது சும்மா பேச்சுக்குச் சொன்னது!"

"அப்போ ஐயா சும்மா பேச்சுக்குச் சொன்னது இன்னும் எதெதுங்க?"

கூட்டம் முழுதும் பெரியவர் பக்கம் திரும்பியது. காவலன் மெதுவாகக் கதவைத் திறந்தான்.

அவள் வெளியே கால் வைத்ததும், மாப்பிள்ளை முன்னால் வந்து கைகூப்பினான்.

"ஐயா, அப்போ நானும் வரேனுங்க."

பெரியவர் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.