அழுமூஞ்சி மரத்துக்கு முட்டுக்கொடுத்தவர்

கோத்தகிரிக்குப் போகிற வழியில், தேயிலைச் சரிவு ஒன்றின் நடுவே அகிலாம்மாவின் ஆசிரமம் இருந்தது. ஆசிரமம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓர் ஓட்டு வீடு, ஒரு சமையல்கட்டு, வாசலில் கொஞ்சம் தோட்டம். தோட்டத்தின் முகப்பில் ஒரு ஜூனிப்பர் மரம், ஆள் உயரத்துக்குச் சற்று மேல். அதன் கிளைகள் மேலே போவதுபோலக் கிளம்பி, பாதி வழியில் மனசு மாறிக் கீழே தொங்கும். அதற்கு அந்தப் பக்கத்து ஆட்கள் வைத்திருந்த பெயர் அழுமூஞ்சி மரம்.

தங்கப்பழம் அங்கே சீடராக வந்து சேர்ந்தபோது அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. குருவுக்கு நாற்பத்தைந்துகூட இருக்காது. தங்கப்பழம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். புதிதாகப் போலீசில் சேர்கிறவர்களுக்கு நேராக நிற்கக் கற்றுக்கொடுத்தே ஓய்வு பெற்றவர். சாப்பிட உட்கார்ந்தாலும் முதுகு வளையாது.

வந்த அன்றே கேள்வியைக் கேட்டுவிட்டார்.

"அம்மா, மனசு தொங்கிப்போய்க் கிடக்கு. நிமிர மாட்டேங்கு. ஒரு வழி சொல்லணும்."

"எப்ப இருந்துங்க?"

"வீட்டுக்காரி போனதுல இருந்து."

"அழுதீங்களா?"

"அந்தப் பழக்கம் கிடையாதும்மா." சொல்லும்போதே முதுகு இன்னும் கொஞ்சம் நேரானது. பிறகு குரல் இறங்கியது. "மக அதையேதான் கேட்டா. அம்மாவத் தூக்கிட்டுப் போகும்போது கொடிக்கம்பம் மாதிரி நின்னீங்களே, நீங்கள்லாம் மனுசந்தானான்னு. அதுல இருந்து சரியாப் பேச மாட்டேங்கா. அடுத்த மாசம் மொதத் திவசம். என்னக் கூட்டிட்டுப் போக வாரா. அதுக்குள்ள நான் நிமிரணும்மா. இந்தக் கோலத்துல என்னை அவ பாக்கக் கூடாது."

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டே போய்விடுவாளோ என்ற பயம் அந்த விறைப்பான உடம்புக்குள் கிடந்து உதறிக்கொண்டிருந்தது.

அகிலாம்மா வாசலைக் காட்டினார். "அந்த ஜூனிப்பரைக் கவனிச்சுக்குங்க. அது நல்லா இருக்கிற அன்னிக்கு மறுபடி கேளுங்க."

தங்கப்பழம் மரத்தைச் சுற்றி வந்து பார்த்தார். பணிக்காலம் முழுவதும் இப்படி ஓர் ஆள் அவர் கையில் அகப்பட்டதில்லை. தலை தொங்கல், தோள் தொங்கல், கை தொங்கல். ஒழுங்கு என்பதே மருந்துக்கும் கிடையாது.

தண்ணீர் போதவில்லை என்று முதலில் தீர்மானித்தார். மரத்தைச் சுற்றி வட்டமாக வரப்புக் கட்டி, காலையும் மாலையும் குடம் குடமாக ஊற்றினார். வரப்புக்குள் தவளைகள் குடியேறின. மரம் மட்டும் நிமிரவில்லை.

அடுத்து மூங்கிலும் கயிறும் வாங்கி வந்தார். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு கம்பு நட்டு, எல்லாக் கிளைகளையும் வானத்தைப் பார்த்து இழுத்துக் கட்டினார். காலையில் அதன் முன்னால் நின்று, "மேல பாரு!" என்று ஓர் அதட்டலும் போட்டார்.

பால்காரர் சைக்கிளை நிறுத்தினார். "ஏனுங்க, மரத்தைக் கைது பண்ணிட்டீங்களா?"

"கைது இல்ல. டிரெயினிங்."

டிரெயினிங்கில் மரம் தேறவில்லை. உள்பக்கத்துப் பச்சை பழுப்பாகி, தொட்டால் கொட்டியது. தங்கப்பழம் பதறிப்போய் இன்னும் இரண்டு குடம் ஊற்றினார். மகள் வருகிற நாள் நெருங்க நெருங்க அவர் மனசும் இன்னும் ஒரு சாண் கீழே இறங்கியது. இதையெல்லாம் அகிலாம்மா சமையல்கட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் வருகிற அன்று காலையில்தான் அவர் தோட்டத்துக்கு வந்தார். தங்கப்பழம் இஸ்திரி போட்ட சட்டையோடு மரத்தடியில் நின்றிருந்தார்.

"எதுக்குங்க இந்தக் கட்டெல்லாம்?"

"நிமிர்றதுக்கும்மா."

"எத்தனை நாளைக்குங்க?"

"தானா நிமிர்ற வரைக்கும்."

"வலிக்காதுங்களா?"

"பழகிரும். எல்லாரும் அப்படிப் பழகினவங்கதான்."

அகிலாம்மா மிச்சம் கிடந்த மூங்கிலையும் கயிற்றையும் எடுத்தார்.

"செருப்பைக் கழட்டிட்டு அந்த வரப்புக்குள்ள நில்லுங்க. கையைத் தூக்குங்க."

மேலிடத்து உத்தரவு. ஏன் என்று கேட்கத் தோன்றுவதற்கு முன்பே தங்கப்பழத்தின் கைகள் மேலே போய்விட்டன. இரண்டு பக்கமும் கம்பு நட்டு, மணிக்கட்டுகளைத் தலைக்கு மேலே இழுத்துக் கட்டினார் அகிலாம்மா. கணுக்கால்வரை பனிபோலக் குளிர்ந்த சேற்றுத் தண்ணீர். போதாதென்று ஒரு குடத்தையும் கவிழ்த்தார்.

"அம்மா, எவ்வளவு நேரம்?"

"தானா நிமிர்ற வரைக்குமுங்க."

"நான் நிமிந்துதானம்மா நிக்கேன்!"

"அப்படீங்களா?" என்று கேட்டுவிட்டு அவர் சமையல்கட்டுக்குப் போய்விட்டார். சிறிது நேரத்தில் ரசம் தாளிக்கிற வாசனை வந்தது.

பால்காரர் வந்தார். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "கூட்டாளியையும் பிடிச்சாச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மூக்கு அரித்தது. தோள் கழன்றது. ஒரு தவளை வலது காலின்மேல் ஏறி உட்கார்ந்தது. அப்போதுதான் வாசலில் ஜீப் வந்து நின்று, மகள் வெண்ணிலா இறங்கினாள்.

எந்தக் கோலத்தில் தன்னை மகள் பார்க்கக் கூடாது என்று நினைத்தாரோ, அதைவிட மோசமான கோலத்தில் நின்றார் தங்கப்பழம். வெண்ணிலா அப்பாவைப் பார்த்தாள். பக்கத்தில் அதேபோலக் கை தூக்கி நிற்கிற மரத்தைப் பார்த்தாள். மறுபடி அப்பாவைப் பார்த்தாள். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ள முயன்று, முடியாமல், பீறிட்டுச் சிரித்துவிட்டாள்.

"யப்பா... என்னப்பா இது!"

வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, அப்படியே அவள் அம்மா சிரிக்கிற சிரிப்பு. அந்தச் சிரிப்பைத் தங்கப்பழம் ஒரு வருஷமாகக் கேட்கவில்லை.

கண் நிறைந்தது. முகத்தை மறைக்கக் கையை இழுத்தார், கை வரவில்லை. தோளில் துடைக்கலாம் என்று திரும்பினார், கயிறு விடவில்லை. "கட்ட அவுத்துவிடுட்டி" என்று சொல்ல ஆரம்பித்த குரல் பாதியில் உடைந்தது. கண்ணீர் மீசையில் இறங்கி, மோவாய் வழியாகச் சேற்றுத் தண்ணீரில் சொட்டியது. ஒரு வருஷத்து அழுகை. அவ்வளவு சத்தமாக அழுவோம் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. தவளை குதித்து ஓடிவிட்டது.

வெண்ணிலாவின் சிரிப்பு நின்றது. செருப்போடு சேற்றில் இறங்கி, துப்பட்டாவால் அவர் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. அவளும் அழுதாள். கட்டை அவிழ்க்க வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

அகிலாம்மாதான் வந்து அவிழ்த்தார். பிறகு மண்வெட்டியை எடுத்து வரப்பை ஒரு பக்கம் வெட்டிவிட்டார். தேங்கிக் கிடந்த தண்ணீர் நாற்றமடித்தபடி தேயிலைச் சரிவில் இறங்கி ஓடியது. அவர் குனிந்து மண்ணைக் கிளறிப் பார்த்தார்.

"வேர்ல இன்னும் உசுரு இருக்குதுங்க."

அப்பாவும் மகளுமாக மரத்துக் கயிறுகளை அவிழ்த்தார்கள். ஒவ்வொரு கிளையாக மெதுவாகக் கீழே வந்து, தொங்கி, ஆடி நின்றது.

தங்கப்பழம் மூக்கை உறிஞ்சினார். கண் சிவந்திருந்தது. மகள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பழையபடி தொங்கிருச்சே" என்றார்.

"தொங்கட்டும் விடுங்க. அடியில தண்ணி தேங்காமப் பார்த்துக்கிட்டாப் போதுமுங்க."