ரவுண்டானாவுக்குள் போன மூன்று பேர்

மந்தையூர்க்காரர்களுக்குச் சொன்ன பேச்சைக் கேட்காத கெட்ட பழக்கம் கிடையாது. சொன்னதை அப்படியே செய்வார்கள். சிக்கலே அதுதான்.

அந்த ஊரில் அங்குராஜ், பெத்துசாமி, குருவையா என்று மூன்று பேர். கோட்டைப்புதூர் பன் கம்பெனியில் மூவருக்கும் வேலை கிடைக்கும்போல் இருந்தது. பைக்கில் பன் பெட்டியைக் கட்டிக்கொண்டு டீக்கடை டீக்கடையாகப் போட வேண்டும். "திங்கக்கிழமைக்குள்ள லைசென்ஸோட வாங்க. இல்லேன்னா வேற ஆள் பாத்துக்கிடுவேன்" என்று முதலாளி சொல்லிவிட்டார். இதற்கு முன் மூவரும் சேர்ந்து ஒன்பது வேலை பார்த்திருந்தார்கள். எதிலும் இரண்டாம் நாள் என்று ஒன்று வந்ததில்லை. அதனால் இந்த முறை உயிரைக் கொடுத்தாவது பைக் படிப்பது என்று முடிவாயிற்று.

டிரைவிங் ஸ்கூல் நடத்தும் ஜெபராணி அக்கா பொறுமைசாலி. டீக்கடைத் தட்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்துப் பாடம் நடத்தினார்.

"இதுதான் ரவுண்டானா. நுழையுறதுக்கு முன்னால வலது பக்கம் பாக்கணும். அங்கிட்டிருந்து வர்றவங்களுக்கு வழி விடணும். வெளியேறும்போது இடது தோளுக்கு மேல திரும்பிப் பாக்கணும். பின்னால ஆள் வந்தா வெளியேறக் கூடாது. புரிஞ்சுதா?"

குருவையா தட்டை உற்றுப் பார்த்தான். "ரவுண்டானா மேல சட்னி இருக்குதே அக்கா."

"அதை விட்டுரு."

அவன் அதையும் மனப்பாடம் செய்துகொண்டான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அங்குராஜ் ரவுண்டானா வாசலில் பைக்கை நிறுத்தினான். வலது பக்கம் பார்த்தான். லாரிக்கு வழி விட்டான். டவுன் பஸ்ஸுக்கு விட்டான். ஒரு எருமைக்கும் விட்டான். பதினோரு மணிக்கு ரோடு காலியானது.

"இப்பப் போலாம்ல?" என்றான் பெத்துசாமி.

"வந்தவங்களுக்கு விட்டாச்சு. இனிமே வரப்போறவங்களுக்கு யாரு விடுவா?"

நியாயமான கேள்வி. மூவரும் சாப்பாட்டு நேரம்வரை காத்திருந்து வீட்டுக்குப் போனார்கள்.

அன்று சாயங்காலம் பெத்துசாமி ஒரு குறையைக் கண்டுபிடித்தான். "வலது பக்கம் பாக்கணும், இடது பக்கம் பாக்கணும், பின்னாலயும் பாக்கணும். தலை ஒண்ணுதானே இருக்கு?"

"ஆளு மூணு இருக்கோம்ல" என்றான் குருவையா.

பிரச்சினை தீர்ந்தது. அடுத்த நாள் மூவரும் ஒரே பைக்கில் ஏறினார்கள். ஓட்டிய அங்குராஜுக்கு வலது பக்கம். நடுவில் இருந்த பெத்துசாமிக்கு இடது பக்கம். கடைசியில் குருவையா திரும்பி உட்கார்ந்துகொண்டான். பைக் ரவுண்டானாவை நோக்கி நேராகப் போய், விளிம்பில் ஏறி, செடிகளைத் தாண்டி, நடுவில் நகராட்சி வைத்திருந்த சிமெண்டுக் கொக்கின் காலில் முட்டி நின்றது.

ஜெபராணி அக்கா ஓடி வந்தார். "பாத்துப் போகச் சொன்னேனே?"

"பாத்தோம் அக்கா. வலது பக்கம் ரெண்டு லாரி" என்றான் அங்குராஜ்.

"இடது பக்கம் புரோட்டாக் கடை. இன்னும் கல்லு பத்த வைக்கல" என்றான் பெத்துசாமி.

"பின்னால ஒரு நாய். செவலை" என்றான் குருவையா.

"முன்னால?"

"முன்னால பாக்க நீங்க சொல்லலியே" என்றான் அங்குராஜ். அக்கா கணக்குப் போட்டுப் பார்த்தார். உண்மையிலேயே சொல்லவில்லை. "முன்னாலயும் பாருங்கப்பா. ஆளுக்கு ஒரு பைக்ல, ஆளுக்கு ஒரு தலையோட" என்றார்.

சனிக்கிழமை டெஸ்ட். எட்டு போடும் மைதானத்தில் மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அங்குராஜுக்கு நிம்மதி. எட்டைத் தமிழில் போடுவதா இங்கிலீஷில் போடுவதா என்று ஒரு வாரமாகத் தூங்காமல் இருந்தான். பிரேக் இன்ஸ்பெக்டர் மூவரையும் ரவுண்டானாவுக்குக் கூட்டிப்போய், "ஒரு சுத்து சுத்திட்டு இங்க வெளிய வாங்க" என்றார்.

மூவரும் அழகாக நுழைந்தார்கள். முன்னால் பார்த்தார்கள். வலது பக்கம் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டரே தலையாட்டினார். வெளியேறும் இடம் வந்ததும் குருவையா இடது தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தான். பின்னால் பெத்துசாமி வந்தான். ஆகவே குருவையா வெளியேறவில்லை. பெத்துசாமி திரும்பிப் பார்த்தான். பின்னால் அங்குராஜ். அவனும் வெளியேறவில்லை. அங்குராஜ் திரும்பிப் பார்த்தான். ரவுண்டானா வட்டமாக இருந்ததால் அவனுக்குப் பின்னால் குருவையா வந்துகொண்டிருந்தான்.

முப்பது சுற்றுவரை இன்ஸ்பெக்டர் எண்ணினார். அதற்குமேல் தலை சுற்றியது. புரோட்டாக் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். கடைசியில் பெட்ரோல் தீர்ந்து மூன்று பைக்கும் நின்றன.

"ஏன்யா வெளிய வரல?"

"பின்னால ஆள் வந்துச்சுங்க ஐயா" என்றான் குருவையா.

"அது உன் கூட்டாளிதானேய்யா?"

"தெரிஞ்சவனை இடிக்கலாம்னு சட்டம் இருக்குதுங்களா?"

இன்ஸ்பெக்டர் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். அப்படி ஒரு சட்டம் இல்லை. யாரையும் இடிக்கவில்லை, எதையும் பார்க்காமல் விடவில்லை. மூன்று பேருக்கும் பாஸ் போட்டுவிட்டு தனக்கு லீவு எழுதிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை காலை முதலாளி மூன்று பைக்கிலும் பெட்டி நிறைய பன் ஏற்றி அனுப்பினார். பத்து மணியாகியும் எந்தக் கடையிலிருந்தும் தகவல் இல்லை. பதறிப்போய் ரவுண்டானாவுக்கு ஓடினார். மூவரும் உள்ளே தோளுக்கு மேல் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். நாலு ரோட்டு டீக்கடைக்காரர்களும் ஆளுக்கொரு கூடையோடு ஓரத்தில் நின்று, பைக் தாண்டும்போதெல்லாம் பெட்டியிலிருந்து கை நிறையப் பன்னை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெட்டிகள் ஏறக்குறையக் காலி.

முதலாளி தானும் ஒரு பன்னை எடுத்துத் தின்றபடி அரைமணி நேரம் நின்று பார்த்தார். வெறும் பன் தொண்டையில் சிக்கியது.

மறுநாள் கம்பெனி வாசலில் புது போர்டு தொங்கியது: டீ கேனோடு சுற்ற ஓர் ஆள் தேவை.